கோடுகளில் மலர்ந்த சிரிப்பு

நுழையும்முன்

வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளரும் மாணவர்களே! இரண்டு மொழிகளுக்கு நடுவில் வாழ்வது சுமையா, செல்வமா? தெலுங்கு மண்ணில் பிறந்து, தமிழ் வழங்கும் சென்னையில் வளர்ந்து, குழந்தைகளையும் பெரியவர்களையும் சிரிக்க வைத்த ஓவியர் ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை கூறுகிறது. அதனை இப்பாடத்தில் அறிவோம்.

ஜப்பானில் இரு நண்பர்கள்

தொலைக்காட்சியில் டோரேமான் என்னும் நீலநிறப் பூனையைக் கண்டு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நோபிட்டா என்னும் சிறுவனுக்கு உதவ எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரப் பூனை அது. அதனைப் படைத்தவர் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ. அவர் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் ஜப்பானின் தகாவோகா நகரில் பிறந்தார். அவர் படித்த பள்ளிக்கு மோட்டோ அபிகோ என்னும் சிறுவன் வேற்றூரிலிருந்து வந்து சேர்ந்தான். தந்தையை இழந்து ஊர் மாறி வந்த அச்சிறுவனுக்குப் படம் வரைவதில் பெருவிருப்பம். அவ்விருப்பமே இருவரையும் நண்பர்களாக்கியது. வளர்ந்தபின் இருவரும் டோக்கியோ சென்று, 'ஃபுஜிகோ ஃபுஜியோ' என்னும் ஒரே பெயரில் பல ஆண்டுகள் சித்திரக்கதைகளை வெளியிட்டனர். 1970ஆம் ஆண்டு ஜனவரி மாதச் சிறுவர் இதழ்களில் டோரேமான் முதன்முதலாகத் தோன்றியது.

இந்த நட்பைப் போன்றதொரு நட்பு நம் நாட்டிலும் மலர்ந்தது. அந்த நண்பர்களுள் ஓவியரான பாபு, ஃபுஜிமோட்டோ பிறந்த அதே மாதத்தில், இரண்டு வாரங்கள் கழித்துப் பிறந்தவர்!

சென்னையில் இரு நண்பர்கள்

சத்திராஜு லட்சுமிநாராயணா என்பது பாபுவின் இயற்பெயர். இவர் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தில் பிறந்தார். கல்வி கற்றது சென்னையில். அங்கே பள்ளி நாள்களில் அவருக்குக் கிடைத்த நண்பர் முள்ளபூடி வெங்கட ரமணா. கோதாவரிக் கரையிலுள்ள தவளேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த ரமணா, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயுடன் பிழைப்பு நாடிச் சென்னைக்கு வந்தவர்.

அக்காலத்தில் 'பால' என்னும் தெலுங்குச் சிறுவர் இதழ் சென்னையிலிருந்து வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு ரமணாவின் முதல் கதை அவ்விதழில் அச்சாயிற்று. பாபுவின் படங்களும் அதில் இடம்பெற்றன. அன்று தொடங்கிய நட்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ஒருவர் எழுத, மற்றவர் வரைந்தார். மக்கள் அவ்விருவரையும் 'பாபு–ரமணா' என்று ஒரே பெயர்போல அழைத்தனர்.

பாபு 1955ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டப்படிப்பை முடித்தார். ஆயினும் அவர் உள்ளம் தூரிகையையே நாடியது. அதே ஆண்டில் 'ஆந்திர பத்திரிகை'யில் கேலிச்சித்திரக்காரராகச் சேர்ந்தார். ரமணா அங்கு முன்னரே பணியாற்றி வந்தார்.

புடுகு என்னும் சிறுவன்

1950களில் ஆந்திர பத்திரிகையின் வார இதழில் ஒரு நகைச்சுவைத் தொடர் வெளிவந்தது. அதன் தலைவன் 'புடுகு' என்னும் குறும்புச் சிறுவன். அண்டை வீட்டுச் சிறுமி, பாட்டி, வீட்டுக்கு வந்து பாடம் சொல்லும் ஆசிரியர் என அவனைச் சுற்றியுள்ள உலகத்தை அவனே தன் வாயால் கூறுவான். சொற்கள் ரமணாவுடையவை, படங்கள் பாபுவுடையவை.

இதில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது? அச்சிறுவன் நகைச்சுவை செய்ய முயல்வதே இல்லை. தான் கண்டதை மிகுந்த அக்கறையோடு கூறுகிறான். ஓர் எடுத்துக்காட்டை நம் வீட்டிலிருந்தே கொள்வோம். கடன் கேட்பவர் வாசலுக்கு வரும்போது, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்கிறார் தந்தை. குழந்தை ஓடிச்சென்று, "அப்பா தாம் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்" என்கிறது. குழந்தை பொய் கூறவில்லை; பெரியவரின் பொய்தான் வெளிப்பட்டுவிட்டது. குழந்தையின் நேர்மையும் பெரியவர்களின் போலித்தனமும் மோதும் இடத்தில் இத்தகைய நகைச்சுவை தோன்றுகிறது. இது யாரையும் புண்படுத்தாமல் திருத்தும் சிரிப்பு.

மற்றொரு சிறப்பும் உண்டு. அச்சிறுவன் பேசுவது ஏட்டுத் தெலுங்கு அன்று. வீட்டில் குழந்தைகள் மழலையாகப் பேசும் தெலுங்கு. தமிழ் ஒலிக்கும் நகரத்தில் வளர்ந்த இருவர், தம் தாய்மொழியின் மழலையைக்கூட மறவாமல் காத்து இலக்கியமாக்கினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

குருவும் சீடரும்

பாபு தம் தாய்மொழியைக் காத்ததோடு, தாம் வாழ்ந்த ஊரின் கலையையும் விரும்பிக் கற்றார். ஆனந்த விகடன் இதழில் புகழ்பெற்ற தமிழ் ஓவியர் கோபுலுவைத் தம் குருவாகவே மதித்தார். தஞ்சாவூரில் 1924ஆம் ஆண்டு பிறந்த கோபுலு, ஒரு சொல்லும் இன்றிப் படத்தாலேயே சிரிக்க வைக்கும் ஆற்றல் பெற்றவர். நோயினால் வலக்கை செயலிழந்தபோது, மனம் தளராமல் இடக்கையால் வரையப் பழகிய உறுதியாளர். டோக்கியோ நண்பர்களுக்கு ஒசாமு தெசுகா என்னும் மூத்த ஓவியர் வழிகாட்டியாக விளங்கியதுபோல, பாபுவுக்குக் கோபுலு விளங்கினார்.

புகழும் நிறைவும்

பாபு 1967ஆம் ஆண்டு 'சாட்சி' என்னும் திரைப்படத்தை இயக்கினார். அதன் பின்னர்ப் பல படங்கள் வந்தன. பெரும்பாலானவற்றுக்கு எழுதியவர் ரமணாவே. பெரிய கண்களும் நீண்ட பின்னலும் கொண்ட பெண்களைப் பாபு வரைந்த அழகினால், அழகிய பெண்ணைப் 'பாபு பொம்ம' என்று சொல்லும் வழக்கமே தெலுங்கில் தோன்றிவிட்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நீங்கள் அச்சொல்லைக் கேட்டிருக்கக்கூடும். அவருடைய கையெழுத்து, கணினியில் பயன்படும் தெலுங்கு எழுத்துருவாகவும் ஆயிற்று.

மார்கழி மாதத்தில் திருமலைக் கோயிலில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுவதை அறிவீர்கள். அத்தமிழ்ப் பாசுரங்களுக்கும் பாபு ஓவியம் தீட்டினார். ரமணா அவற்றைத் தெலுங்கில் எழுதினார்.

ரமணா 2011ஆம் ஆண்டு மறைந்தார். பாபுவுக்கு 2013ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார்.

மாணவர்களே! தெலுங்குச் சிறுவராய்ச் சென்னையில் வளர்ந்தவர் பாபு. தமிழ்ச் சிறுவராய்த் தெலுங்கு நாட்டில் வளர்பவர் நீங்கள். அவர் தம் மொழியை விடவில்லை. அயல்மொழியை வெறுக்கவும் இல்லை. இரண்டு மொழிகளும் அவர் கையில் இரண்டு வண்ணங்களாயின. உங்கள் கையிலும் அவ்வண்ணங்கள் உள்ளன.

சொல்லும் பொருளும்

இயற்பெயர் – பெற்றோர் இட்ட பெயர்
தூரிகை – ஓவியம் தீட்டும் கோல்
மழலை – குழந்தையின் திருந்தாத இனிய பேச்சு
போலித்தனம் – உண்மைபோல் நடிக்கும் தன்மை
எழுத்துரு – அச்சிலும் கணினியிலும் வழங்கும் எழுத்து வடிவம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அபிகோவுக்கும் ரமணாவுக்கும் இளமையில் நேர்ந்த ஒத்த துன்பம் யாது?
2. ரமணாவின் முதல் கதை எவ்விதழில், எந்த ஆண்டு வெளிவந்தது?
3. கோபுலுவின் மனவுறுதி எவ்வாறு வெளிப்பட்டது?

ஆ. பிரித்து எழுதுக.
அவ்விதழில், கையெழுத்து, தாய்மொழி

இ. கீழ்வரும் தமிழ்ச் சொற்களையும் தெலுங்குச் சொற்களையும் ஒப்பிட்டு நோக்குக. இவைபோல மேலும் ஐந்து இணைகளைத் திரட்டுக.
பொம்மை – பொம்ம. மூக்கு – முக்கு. ஊர் – ஊரு. பூ – பூவு

ஈ. சிந்தித்து எழுதுக.
பிறரைப் புண்படுத்தும் கேலிக்கும், திருத்தும் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாட்டை உம் அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

உ. செயல்பாடு
உம் வீட்டுக் குழந்தை ஒன்று உண்மையைக் கூறி அனைவரையும் சிரிக்க வைத்த நிகழ்ச்சியைப் பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டறிக. அதனை நான்கு கட்டங்கள் கொண்ட சித்திரக்கதையாக வரைக. நீர் வரைய, உரையாடலை உம் நண்பர் எழுதட்டும். இருவர் பெயரையும் கீழே இடுக.