செவலை எப்போது விமானம் ஏறலாம்?

கேள்வி: என் கணவருக்கு ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் அவர், நான், ஏழு வயது மகள் மூவரும் கிளம்ப டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் ஐந்து வயது சிப்பிப்பாறை பெட்டை இருக்கிறாள். பெயர் செவலை. வருடம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையும் வைத்திருக்கிறோம். கடைசி ஊசி ஜனவரியில். "அட்டை இருந்தால் போதும், மயக்க மருந்து கொடுத்து ஏற்றிவிடலாம்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மாமியாரோ, "தோட்டத்துல விட்டுட்டுப் போங்க, நாய்க்கு எதுக்கு ஏரோப்ளேன்?" என்கிறார். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்கள் என்ன செய்வது?
வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். செவலை ஜெர்மனி போகலாம். ஆனால் ஆகஸ்ட்டில் முடியாது.

உங்கள் கடிதத்தில் நான் தேடிய ஒரு சொல் இல்லை: சிப். அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப்பை நாயின் தோள்களுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவோம். அதில் 15 இலக்க எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பொறுத்தவரை அந்த எண்தான் நாய். சிப் ஏறுவதற்கு முன் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்பதற்கு அவர்களிடம் அத்தாட்சி கிடையாது. ஆகவே ஐந்து வருடமாக நீங்கள் போட்ட ஊசிகள் செவலையைக் காப்பாற்றியிருக்கின்றன. பயணக் கணக்கில் மட்டும் அவை சேராது. சிப் வைத்து, அதன்பின் மறுபடி வெறிநோய் ஊசி போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம்; சிப் முதலில், ஊசி அடுத்து.

இந்த வரிசையில் நானே ஒரு முறை சறுக்கியிருக்கிறேன். ஒரு லாப்ரடாருக்கு சிப் வைத்த தேதியை அட்டையில் எழுதும்போது, ஊசித் தேதிக்கு இரண்டு நாள் பின்னால் எழுதிவிட்டேன். உண்மையில் இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்தான் அது கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. குடும்பம் போய்விட்டது, நாய் நாலு மாதம் தாத்தாவோடு இருந்தது. அதிலிருந்து, சிப் வைக்கும் முன்பும் வைத்த பின்பும் ஸ்கேனர் காட்டும் எண்ணைப் படம் எடுத்து, உரிமையாளரையே உரக்கப் படிக்கச் சொல்லித்தான் அட்டையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவரிடமும் அப்படிக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி காலண்டரை எடுங்கள். வெறிநோய் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் ஊசி மட்டும் போதாது, அது வேலை செய்திருக்கிறது என்று ரத்தத்தில் காட்ட வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புப் பொருளின் அளவு மில்லி லிட்டருக்கு 0.5 ஐ.யு. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதன்பிறகும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே உடம்பில் கிருமி புகுந்திருந்தால் அது வெளியே தெரிவதற்கான அவகாசம் இந்த மூன்று மாதம். பணம் கட்டினாலும் கடிதம் வாங்கினாலும் அது குறையாது.

ஜூன் 10-ல் சிப்பும் ஊசியும் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 10-க்கு முன் ரத்தம் எடுக்கக் கூடாது. நாள் எண்ணுவதில் வம்பு வராமலிருக்க நான் 12 என்பேன். அப்படியானால் அக்டோபர் 12-க்குப் பிறகுதான் செவலை ஐரோப்பிய மண்ணை மிதிக்கலாம். ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த ரத்தப் பரிசோதனை ஒரு முறை தேறினால் போதும், அடுத்தடுத்த ஊசிகளை ஒரு நாள் கூடத் தவறவிடாமல் போட்டு வரும்வரை ஆயுளுக்கும் செல்லும். தவறினால் மறுபடி முதலிலிருந்துதான்.

இங்கேதான் பலர் யோசிக்காத ஒரு சிக்கல். சொந்த நாய் என்ற கணக்கில் போக, நாயின் பயணமும் உரிமையாளரின் பயணமும் ஐந்து நாள் இடைவெளிக்குள் அமைய வேண்டும். கணவர் பெயரில் காகிதம் போட்டு, அவர் ஆகஸ்ட்டில் போய், செவலை அக்டோபரில் தனியாகப் போனால் அவள் வணிகச் சரக்காகிவிடுவாள். அதற்கு விதிகள் வேறு, செலவும் வேறு. ஆகவே உரிமையாளராக உங்கள் பெயரையே எழுதச் சொல்லுங்கள். கணவர் முன்னால் போகட்டும். பவேரியாவில் பள்ளிகள் செப்டம்பர் நடுவில் திறக்கும். மகளுக்காக நீங்களும் அப்போது போக வேண்டியிருந்தால், அக்டோபரில் நீங்கள் மட்டும் ஒரு நடை வந்து செவலையைக் கூட்டிப்போங்கள். அதுவரை அவளுக்கு மாமியாரின் தோட்டம் இருக்கவே இருக்கிறது. அவர் சொன்னதும் பாதி நிறைவேறும்.

கிளம்பும் வாரத்தில் சென்னையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்துக்கு நாயோடு போக வேண்டும். அதிகாரி பார்த்துக் கையெழுத்திடும் ஐரோப்பியச் சுகாதாரச் சான்றிதழ், கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளுக்குள் அங்கே போய்ச் சேரும் பயணத்துக்கே செல்லும். எல்லாத் தாளிலும் இனத்தின் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒன்றில் சிப்பிப்பாறை, இன்னொன்றில் நாட்டு நாய் என்றிருந்தால் வீண் கேள்வி வரும்.

நீங்கள் போவது ஜெர்மனி என்பதில் எனக்கு நிம்மதி. ஆஸ்திரேலியா என்றால் இந்தியாவிலிருந்து நேராகப் போகவே முடியாது. அவர்கள் ஏற்கும் வேறொரு நாட்டில் ஆறு மாதம் தங்க வைக்க வேண்டும். 2015-ல் நடிகர் ஜானி டெப் தம்பதி இரண்டு குட்டி நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுபோய் அங்கே கோர்ட்டு வரை போக நேர்ந்தது.

மயக்க மருந்து வேண்டவே வேண்டாம். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், விமானம் சாயும்போது கால் ஊன்ற முடியாமல் செய்யும். தெரிந்தால் விமான நிறுவனமும் ஏற்றாது. சிப்பிப்பாறை போன்ற ஒல்லி உடம்பு வேட்டை நாய்களுக்கு இன்னும் ஆபத்து. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்பதாலும், ஈரல் மருந்தை மெதுவாகவே சிதைப்பதாலும் சில மயக்க மருந்துகள் எளிதில் இறங்காது. மருந்துக்குப் பதில் கூண்டைப் பழக்குங்கள். இந்த மாதமே வாங்கிக் கூடத்தில் வையுங்கள். நீளத்துக்கு, மூக்கு முதல் வால் அடி வரை அளந்து, அதோடு தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். அகலம், தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. உயரம், காது நுனி இடிக்காத அளவு. விமான நிறுவனங்கள் பின்பற்றும் சர்வதேச விதி இதுதான். கதவு திறந்தே இருக்கட்டும். சோற்றை உள்ளே வையுங்கள். பத்து நாளில் அவளே போய்ப் படுப்பாள். அடியில் விரிக்க நீங்கள் உடுத்திய பழைய காட்டன் புடவை, துவைக்காதது, அதைவிட நல்ல படுக்கை கிடையாது. தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டால், ஏற்றும்போது சிந்தாது, உருக உருக நக்கிக்கொள்வாள்.

முடிந்தவரை இடையில் மாறாத விமானமாகப் பாருங்கள். ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கினால் மியூனிக்குக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த ரயிலில் செவலைக்குப் பாதி டிக்கெட் உண்டு, வாய்க்கூடும் கட்டாயம். அதையும் இங்கேயே பழக்கிவிடுங்கள். போனதும் மாநகராட்சியில் பதிவு செய்து நாய் வரி கட்ட வேண்டும். மியூனிக்கில் வருடத்துக்கு 100 யூரோ. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நாய் இருப்பதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

குளிருக்குக் கோட்டு வாங்கிவிடலாம், அது பெரிய கவலை இல்லை. எனக்குக் கவலை முயல்தான். கோவில்பட்டிக் கரிசல் காட்டில் முயலைக் கண்டால் பாய்ந்துவிடும் இனம் இது, கூப்பிட்டால் திரும்பாது. பவேரியாவில் காட்டு விலங்கைத் துரத்தும் நாயைச் சுட வேட்டைக்காரருக்குச் சட்டம் அனுமதி தருகிறது. தலை குறுகலாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து இவள் நொடியில் உருவிக்கொள்வாள். இழுத்தால் இறுகும் அகலப் பட்டையும், மார்போடு மாட்டும் வாரும் இரண்டும் இப்போதே வாங்கி, தினமும் மாலை அவற்றோடு நடக்க விடுங்கள். விமான நிலையத்தில் கூண்டைத் திறப்பதற்கு முன்பே வாரின் கயிறு உங்கள் கையில் சுற்றியிருக்க வேண்டும்.