மூன்றாவது மாத்திரைக்கு முன்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று சொல்லிவிட்டு நீ அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். எழுதிக் கொடுத்தால் டாக்டரிடம் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

உன் அம்மா மூன்று விஷயம் சொன்னாள். ராத்திரி கால் குடைச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பிரமிபெக்ஸோல் மாத்திரை முதல் நாளே கேட்டதாம். இப்போது அது போதவில்லை என்று நீயே ஒன்றை இரண்டாக்கிக்கொண்டாயாம். மூன்றாவது, லீவுக்கு ஊருக்கு வந்தால் காலை பத்து மணி தாண்டியும் தூங்குகிறாயாம்; வயசுப்பிள்ளைக்கு இது அழகா என்கிறாள். அவளுக்கு மூன்றாவதில்தான் வருத்தம் அதிகம். எனக்கு இரண்டாவதில்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன், யார் என்ன பெயர் வைத்தாலும் நீ குழம்பாமல் இருக்க. நரம்புத் தளர்ச்சி என்று உன் சித்தப்பா சொன்னதை விட்டுத்தள்ளு. உட்கார்ந்தாலோ படுத்தாலோ காலுக்குள் ஒரு நமநமப்பு, அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல். எழுந்து நடந்தால் அடங்குவது. படுத்தால் திரும்பி வருவது. பொழுது சாய்ந்த பிறகு கூடுவது. இவ்வளவும் சேர்ந்திருந்து, வேறு காரணமும் இல்லை என்றால் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்பார்கள். இதைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேன் கிடையாது, நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் டாக்டர்தான் வேண்டும். கெண்டைச்சதை பிடித்துக்கொள்வது வேறு, அதில் சதை இறுகி வலிக்கும். சர்க்கரைக்காரர்களின் பாத எரிச்சலும் வேறு, அது எழுந்து நடந்தாலும் விடாது.

இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1672-லேயே இதைப் பற்றி எழுதினார். ஸ்வீடனின் கார்ல்-ஆக்செல் எக்போம் 1945-ல் முழுசாக விவரித்து இன்றைய பெயரை வைத்தார். நம் வீட்டில் அதற்குப் பெயரே இல்லை. உன் பாட்டி ராத்திரியில் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பாள்; களவு போகாத வீடு என்று பக்கத்து வீட்டார் கேலி பேசுவார்கள். எனக்கு இரண்டாவது பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் வந்து, பிள்ளை பிறந்ததும் போய், நாற்பதைத் தாண்டித் திரும்பி வந்தது. "காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது" என்று என் மாமியார் தொடையில் தட்டுவார். இளவயதில் வருவது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவது. ஆகையால் உனக்கு வந்ததற்கு உன் செல்போனையும் உன் சமையலையும் அம்மா குறை சொன்னால், பாட்டியிடம் கேட்கச் சொல்.

இனி மாத்திரை. பிரமிபெக்ஸோலும் ரோபினிரோலும் பார்க்கின்சன் நோய்க்கு வந்த மருந்துகள். மூளையில் டோபமைன் செய்யும் வேலையைச் செய்பவை. 2005, 2006-ல் அமெரிக்காவில் இந்தக் கால் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. எனக்கும் பிரமிபெக்ஸோலைத்தான் கொடுத்தார்கள். முதல் ராத்திரி நான் தூங்கிய தூக்கத்துக்கு மொட்டை போட நேர்ந்துகொள்ளலாம். சில வருஷம் நன்றாகப் போனது. பிறகு ராத்திரி பத்து மணிக்கு வந்துகொண்டிருந்த குடைச்சல் எட்டு மணிக்கு வரத் தொடங்கியது. டோஸைக் கூட்டினார்கள், கொஞ்ச நாள் அடங்கியது. எட்டு ஆறானது. மறுபடியும் கூட்டினார்கள். கடைசியில் சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பித்து, காலோடு நில்லாமல் கைக்கும் வந்துவிட்டது. கந்துவட்டிக் கடன் போலத்தான் கண்ணு: கட்டக் கட்ட அன்றைக்குத் தப்பிக்கலாம், அசல் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இதை ஆக்மென்டேஷன் என்பார்கள். மருந்தே நோயைப் பெரிதாக்குவது. உடனே நடப்பதில்லை, மாதங்களும் வருஷங்களும் ஆகும். அதனால்தான் நோய் முற்றுகிறது என்று நினைத்து எல்லோரும் டோஸைக் கூட்டுகிறார்கள். அந்த மருந்தை எவ்வளவு கூடுதலாகச் சாப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு இதற்கான வாய்ப்பும் கூடும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். கபாபென்டின், பிரிகாபலின் போன்றவையும், தேவைப்பட்டவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்புச்சத்தும்தான் முன்னால் வந்திருக்கின்றன. உன் டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பல வருஷம் உலகம் முழுக்க இதைத்தான் முதல் மருந்தாக எழுதினார்கள்.

நீ செய்ய வேண்டியது ஒரே ஒரு கணக்கு. டைரியெல்லாம் வேண்டாம், மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் அன்று கால் தொடங்கிய மணியை எழுது. எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று எழுதாதே. தூக்கம் ஆயிரம் காரணத்தால் கெடும். கால் தொடங்கும் மணி மட்டும் பொய் சொல்லாது. மாதத்துக்கு மாதம் அது முன்னால் நகர்ந்துகொண்டே வந்தால், அந்தக் காலண்டரை அப்படியே டாக்டர் மேஜையில் வை.

பயந்துபோய் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் கால் பன்மடங்கு ஆடும். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இடையிலேயே பிரிகாபலினைச் சேர்த்து, மாற்றினார்கள். கடைசி மாத்திரை நின்ற பிறகு சில ராத்திரிகள் கண்ணே மூடவில்லை. இப்படி இருக்கும் என்று அந்த டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

அம்மா பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். உனக்கு பார்சல் மேல் பார்சல் வருகிறதாம், ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்டர் போடுகிறாயாம், பிரிக்காத பெட்டிகளே அறையில் கிடக்கிறதாம். சம்பாதிக்கிற பிள்ளை வாங்குகிறாள், அதில் தப்பில்லை. ஆனால் இந்த மாத்திரை சிலருக்கு மனசின் பிரேக்கைத் தளர்த்திவிடும்: கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது, சூதாட்டம், தின்றுகொண்டே இருப்பது. மருந்தால் வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. உனக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை தொடங்கிய மாதத்துக்கு முன்னும் பின்னும் உன் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துப் பார். வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்.

இரும்புச்சத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். "ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, எல்லாம் நார்மல்" என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஹீமோகுளோபின் வேறு, உடம்பில் சேமித்து வைத்த இரும்பு வேறு. சேமிப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சேமிப்பு மட்டும் கரைந்தவர்கள் அந்தக் கணக்கில் வராதவர்கள். நீ மாதாமாதம் படும் பாடு எனக்குத் தெரியும். உன் சேமிப்பு நிறைந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே ஃபெரிட்டின் என்று கேட்டு டெஸ்ட் எடு. கூடவே இரும்பு, டி.ஐ.பி.சி. இரண்டும். காலையில் வெறும் வயிற்றில் கொடு. சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாய் என்றால் முந்தின நாளே நிறுத்திக்கொள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதே, அப்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ரிப்போர்ட் வந்ததும் லேப்காரன் நார்மல் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மடித்து வைத்துவிடாதே. 20, 30 இருந்தாலே அவர்களுக்கு நார்மல். இந்தக் கால் நோய்க்காரர்களுக்கு ஃபெரிட்டின் 75-ஐத் தாண்டாவிட்டாலோ, இரும்பையும் டி.ஐ.பி.சி.யையும் வைத்துக் கணக்கிடும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ இரும்பு கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய கணக்கு. மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு சாப்பிடு. காபி, டீ, பால் பக்கத்தில் வரக் கூடாது. மலம் கறுக்கும், பயப்படாதே. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். முருங்கைக்கீரை நல்லதுதான், நானே தோட்டத்திலிருந்து பறித்து அனுப்புவேன். ஆனால் காலியான குதிர் கீரையால் நிரம்பாது. டெஸ்ட் எடுக்காமல் இரும்பு மாத்திரை தின்பதும் வேண்டாம், கூடினாலும் அது கெடுதல்.

மற்ற மாத்திரைகளையும் பார். அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் அவில் மாதிரி தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைவலிக்கு எழுதும் அமிட்ரிப்டிலின், மனச்சோர்வுக்கான பல மருந்துகள், இவையெல்லாம் கால் குடைச்சலைக் கிளப்பிவிடக் கூடியவை. டாக்டர் எழுதிய எதையும் நீயாக நிறுத்தாதே. எனக்கு இந்த நோய் இருக்கிறது என்று ஒவ்வொரு டாக்டரிடமும் முதல் வாக்கியமாகச் சொல். தூக்கம் வரவில்லை என்று அல்பிரஸோலாம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உன் பி.ஜி.யில் இருப்பதாகச் சொன்னாய். அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அதன் பக்கமே போகாதே.

அடுத்து உன் ஷிப்ட். இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டு. இந்த நோய்க்குக் கடிகாரம் உண்டு. சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு தாண்டும் வரைதான் அதன் ஆட்டம். விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை பெரும்பாலும் கால் சும்மா இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலை நாலு மணிக்கு நீ அறைக்கு வந்து ஐந்து மணிக்குப் படுத்தால் தூங்கிவிடுகிறாய். லீவு நாளில் ஊருக்கு வந்து, அம்மாவுக்காகப் பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை புரள்கிறாய். பிறகு காலையில் தூங்கினால் சோம்பேறி என்ற பட்டம். உன் கால் விடும் நேரத்தில் நீ தூங்குகிறாய், அவ்வளவுதான். நர்ஸாக இருந்தபோது எனக்கும் நைட் டியூட்டி முடிந்த காலைத் தூக்கம்தான் நல்ல தூக்கமாக இருந்தது.

அதற்காகத் தாறுமாறாகத் தூங்கலாம் என்று அர்த்தமில்லை. வேலை நாளோ லீவு நாளோ, ஐந்திலிருந்து ஒன்பது வரை நீ படுக்கையில் இருக்க வேண்டும். அந்த நாலு மணி நேரத்தை அசைக்காதே. மீதியை முன்னேயோ பின்னேயோ சேர்த்துக்கொள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடு. ஷிப்டின் பாதிக்கு மேல் காபி குடிக்காதே, காபி காலையும் எழுப்பும்.

மாத்திரைச் சீட்டில் 0-0-1, அதாவது ராத்திரிக்கு ஒன்று, என்று எழுதியிருப்பார்கள். உனக்கு ராத்திரி என்பது எது? பிரிகாபலினுக்கு மாற்றினால் இதைக் கேட்காமல் வராதே. கால் தொடங்கும் மணிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிடுவது அது. தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் வரும், சிலருக்கு எடை ஏறும், சிலருக்கு மனசு சோர்ந்து போகும். அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டவே கூடாது. ஜாதகம் எடுத்திருப்பதாக அம்மா சொன்னாள். கல்யாணம் கூடி வந்தால், பிள்ளை பெறும் யோசனைக்கு முன்பே டாக்டரிடம் சொல். அந்த நேரத்துக்கு மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும். கட்டிக்கொள்ளப் போகிறவனிடமும் மறைக்காதே. ராத்திரி எழுந்து நடக்கிற பெண்ணைப் பார்த்து மிரள்கிறவன் இப்போதே மிரண்டு போகட்டும்.

குடைச்சல் வந்துவிட்டால் படுத்துக்கொண்டு மல்லுக்கட்டாதே. எழுந்துவிடு. கெண்டைக்காலை நீவிவிட்டு வெந்நீரில் வை. மூளைக்கு வேலை கொடுத்தாலும் கால் கொஞ்சம் மறக்கும்; நான் குறுக்கெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் உன் பெரியப்பாவின் பால் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறேன். இரண்டாவதில் தூக்கம் சீக்கிரம் வருகிறது. ஊருக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வரும்போது சைடு லோயர் கேள். நினைத்தபோது எழுந்து நடக்கலாம். ஸ்லீப்பர் பஸ் மட்டும் வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலையிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் போட்டு, நீயாக மாத்திரையைக் கூட்டியதை ஒளிக்காமல் சொல்லி, எப்படிக் குறைப்பது என்று கேள். அதுவரை மூன்றாவது மாத்திரையை மட்டும் தொடாதே.

அன்புடன்,
பெரியம்மா