சர்வர் முடங்கினாலும் தடயம் மிஞ்ச...

லினக்ஸ் சர்வர் திடீரென முடங்கினால், காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த நேரத்து மெமரியின் நகல் வேண்டும். அதை எடுத்துவைக்கும் இரண்டாவது கர்னலுக்கு, பூட் ஆகும்போதே 'கிராஷ்கர்னல்=' ஆப்ஷன் மூலம் ரேமில் இடம் ஒதுக்க வேண்டும்.

• 'கிராஷ்கர்னல்=256எம்' என்றால் 256 எம்.பி. ஒதுக்கப்படும். 'எம்' விட்டுப்போனால் அது வெறும் 256 பைட்; எதற்கும் உதவாது.

• 'கிராஷ்கர்னல்=512எம்-2ஜி:64எம்,2ஜி-:128எம்' என்று வரம்பு வைத்தும் எழுதலாம். ரேம் 512 எம்.பி.க்குக் குறைவென்றால் ஒதுக்கீடே இல்லை. 512 எம்.பி. முதல் 2 ஜி.பி.க்குள் இருந்தால் 64 எம்.பி.; 2 ஜி.பி.யோ அதற்கு மேலோ என்றால் 128 எம்.பி.

• நடுவில் இடைவெளி விடாதீர்கள். விட்டால், மீதிப் பகுதியைக் கர்னல் வேறு ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும்.

• உபுண்டுவில் பூட்லோடரான கிரப்பின் அமைப்பில் இந்த ஆப்ஷனைச் சேர்த்ததும் 'அப்டேட்-கிரப்' கட்டளை கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

• பிறகு '/சிஸ்/கர்னல்/கெக்செக்_கிராஷ்_சைஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். 0 என்றிருந்தால் இடம் ஒதுக்கப்படவில்லை.

• ஒதுக்கிய இடம் மற்ற வேலைகளுக்குக் கிடைக்காது; எனவே அளவாக ஒதுக்குங்கள்.

மெமரி நகலைச் சேமிக்கும் கேடம்ப் சேவையையும் இயக்கி, சோதனை சர்வர் ஒன்றை வேண்டுமென்றே முடக்கி, நகல் பதிவாகிறதா என்று இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.