பக்கத்துத் தறியின் அளவு

புத்தூர், நகரி வட்டாரத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு விசைத்தறிகளை ஓட்டிக் கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் பலவுண்டு. கூலி மீட்டர்க் கணக்கில் வருகிறது. மின்கட்டணமும் ஆள்கூலியும் அதிலிருந்தே போகவேண்டும். வருமானம் குறையுங்கால் முதலில் எழும் எண்ணம், கடன் வாங்கி நாடாவில்லாத் தறி போடலாம் என்பதே. கடன் தருதல் எமது தொழில். எனினும், குறை தறியில்தான் உள்ளதா என்பதை அளந்தறியாமல் கடன்சுமை ஏற்பது தகாது என்றே கருதுகிறோம்.

இங்கே உதவுவது பெஞ்ச்மார்க்கிங் எனப்படும் ஒப்பளவு முறை. நில அளவையாளர் கல்லில் பொறித்துவைக்கும் மட்டக்குறியிலிருந்து வந்த பெயர் அது. நம்மினும் நன்கு செய்வோரின் அளவைக் குறியாகக் கொண்டு, நாம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறோம், ஏன் தாழ்ந்திருக்கிறோம் என்று காண்பதே அதன் சாரம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். தறி நிமிடத்திற்கு 120 ஊடை வீசுகிறது. துணியில் அங்குலத்திற்கு 48 ஊடை. எட்டு மணி நேரத்தில் 57,600 ஊடை, அதாவது 1,200 அங்குலம், ஏறத்தாழ 30.5 மீட்டர். தறி ஒரு நொடியும் நில்லாதிருந்தால் கிடைப்பது இது. நமக்குக் கிடைப்பது 21 மீட்டர் எனில் செயல்திறன் 69 விழுக்காடு. அதே நூல், அதே துணி நெய்யும் பக்கத்துக் கொட்டகையில் 25 மீட்டர், 82 விழுக்காடு. வேறுபாடு நான்கே மீட்டர்தான்; ஆறு தறிக்கு, 25 நாளுக்கு அது 600 மீட்டர் கூலி.

‘அதே நூல், அதே துணி’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். மெல்லிய நூலைத் தடித்த நூலோடு ஒப்பிட்டால் வீண் மனக்கசப்பே மிஞ்சும்.

அடுத்த வேலை, தறி நின்ற நேரத்தைக் காரணவாரியாக ஒரு மாதம் எழுதிவருவது. பாவு இழை அறுதல், தார் மாற்றுதல், பழுது, பாவு தீர்ந்து காத்திருத்தல், மின்தடை என ஐந்து பத்திகள் போதும். மின்தடை இருவர்க்கும் பொது, அதனை நீக்கிவிடலாம். பாவு அறுதலே மிகுதியெனில் கஞ்சிப் பதத்தையும் கொட்டகையின் ஈரப்பதத்தையும் நோக்கவேண்டும். இவ்வட்டாரத்துக் கோடையில் காற்று வறண்டால் பருத்தி இழை எளிதில் அறும். காத்திருத்தலே மிகுதியெனில் குறை கொட்டகையிலேயே இல்லை. பாவு தருவோரிடம் பேசவேண்டும். இவ்விரண்டையும் புதுத்தறி தீர்க்காது. வேகம் கூடிய தறியில் நலிந்த பாவைப் பூட்டினால் அது முன்னினும் அதிகமாக அறும்.

பக்கத்துக் கொட்டகைக்காரர் தம் கணக்கைக் காட்டுவாரா? நியாயமான ஐயம். இதற்குக் கோயம்புத்தூரில் 1956இல் நிறுவப்பெற்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாகிய சிட்ரா வழிகாட்டியுள்ளது. நூற்பாலைகளிடம் கணக்குப் பெற்று, ஆலைகளின் பெயரை மறைத்துக் குறியீட்டு எண்ணிட்டு, ஒப்பாய்வு அறிக்கை வழங்குவது அதன் நெடுநாள் வழக்கம். நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி என்பது அதில் ஓர் அளவு. தன் எண்ணை அறிந்த ஆலை தன் இடத்தைக் காணும். பிறர் இன்னாரென அறியாது. பத்துக் கொட்டகைக்காரர் சேர்ந்து, நம்பிக்கைக்குரிய ஒரு கணக்கரிடம் தாள்களைத் தந்தாலே இம்முறை இங்கும் நடக்கும்.

ஒப்பிட ஒரே தொழிலாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. நகலெடுக்கும் இயந்திரம் செய்த ஜெராக்ஸ் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் தன் கிடங்குப் பணியைச் சீர்செய்ய நாடியது, அஞ்சல்வழி உடையும் காலணியும் விற்ற எல்.எல்.பீன் என்னும் நிறுவனத்தை. சரக்கு எடுத்து அனுப்பும் வேலை இருவர்க்கும் ஒன்றாயிருந்ததே காரணம். உதிரிபாகம் தேடி ஓடுவதில் நாள் கழிகின்ற தறிக்காரர், பேருந்துப் பணிமனையில் எவ்வெவற்றை முன்கூட்டியே வாங்கி வைக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டறியலாம்.

ஒரு மாதத் திருத்தத்திற்குப் பின் மீண்டும் அளந்து, இரு மாதத் தாள்களையும் கடன் விண்ணப்பத்தோடு கிளைக்குக் கொணர வேண்டுகிறோம். செயல்திறன் 82ஐ எட்டியும் கூலி செலவுக்குக் கட்டவில்லையெனில், புதுத்தறிபற்றி அப்போது உட்கார்ந்து பேசுவோம்.