சமூகவியல் மேற்படிப்பு விண்ணப்பத்தில் ஆய்வு முறை

நம் கல்லூரியிற் கற்று வெளியேறிய இளைஞர் சிலர் சமூகவியலில் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களை நாடிப் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பஞ் செய்கின்றனர். விண்ணப்பத்துடன் இரண்டொரு பக்க அளவில் நோக்கக் கூற்று ஒன்றும் அனுப்புதல் வேண்டும். பரீட்சைப் புள்ளிகளும் ஆசிரியர்தம் நற்சான்றும் பிறர் இடுவன. இக்கூற்றோ விண்ணப்பகாரர் தாம் சிந்திக்கும் வகையைத் தாமே காட்டுதற்கு வாய்த்த இடமாகும். அதனை வாசிப்போர் அத்துறைப் பேராசிரியர்கள்.

இக்கூற்றுக்களில் மிக நலிந்து காணப்படும் பகுதி ஆய்வு முறை பற்றியதே. “பண்புசார் முறை, அளவுசார் முறை இரண்டையுங் கையாள எண்ணியுள்ளேன், நேர்காணலாலும் வினாக்கொத்தாலும் தரவு திரட்டுவேன்” என எழுதி அமைந்துவிடுவர். வீட்டை எவ்வாறு கட்டுவாய் என வினவினார்க்கு, உளியும் வாளும் என்னிடம் உள என்று தச்சன் விடையிறுத்தலை இது ஒக்கும். எவ்வினாவுக்கு எம்முறை, அம்முறை ஏன் என்பதே அறிய வேண்டுவது.

முறையிற் செய்யும் ஒரு சிறு தீர்மானம் முடிவையே மாற்றவல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்று உண்டு. கண்டிப் பகுதியிலுள்ள பாததும்பறையில் இலங்கைப் பல்கலைக்கழகத்தார் நடத்திய சமூக பொருளாதார அளவீட்டை என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் 1957 இல் நூலாக வெளியிட்டனர். காணியின்றி வாடும் குடும்பங்கள் மிகப் பல என்பது அதனாற் புலப்பட்டது. கேம்பிரிட்ஜ் மானிடவியலாளரும், 1954 இல் வடமத்திய மாகாணத்துப் புல்எலியக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்தவருமான எட்மண்ட் லீச், 1958 இல் அதனை மறுத்து ஒரு கட்டுரை வரைந்தார். தனியே உலை வைப்போரைத் தனிக் குடும்பமாகக் கணக்கிட்டமையால், மணமுடித்துத் தனியே சமைக்கும் மகன் காணியற்றவனாகவும், தந்தை காணி உடையவராகவும் ஏட்டிற் பதிவாயினர். அம்மகனோ நாளை அக்காணிக்கு உரியவன் என்பது அவர் வாதத்தின் சாரம். கணக்கிற் பிழையில்லை; எதனை ஒன்றெனக் கொண்டு எண்ணுவது என்பதிலேயே வழக்கு. (தம்பையா அவர்களும் பின்னாளிலே தாய்லாந்துக் கிராமமொன்றில் ஆய்வு செய்து மானிடவியலாளராகவே உலகப் புகழ் பெற்றார்.) எனினும் அளவீடு பயனற்றது என்று கொள்ளற்க. பல ஊர்களின் நிலையை ஒருங்கு காட்ட ஓர் ஊரில் தங்கியவரால் இயலாது.

இனி, விண்ணப்பகாரர் ஒருவர் யாழ்ப்பாணக் கிராமமொன்றில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தை ஆராய விரும்புகிறார் எனக் கொள்வோம். எத்தனை வீடுகளுக்குப் பணம் வருகின்றது, அது வீடு கட்டவோ சீதனத்துக்கோ செலவாகின்றது என்பன வினாவாயின் வினாக்கொத்துப் போதும். அப்பணத்தை எவ்வாறு செலவிடுவதென்று தீர்மானிப்பவர் யார் என்பது வினாவாயின் போதாது. வாயிலிற் சென்று கேட்பின் குடும்பத் தலைவர் “நான்தான்” என்பார். அடுக்களையிலிருக்கும் தாய் வாய் திறவார். தொலைபேசியில் ரொறன்ரோவிலிருந்து கட்டளையிடும் மூத்த மகளோ பட்டியலிலேயே இடம்பெறாள். ஆகவே சில வீடுகளுக்குப் பன்முறை சென்று, ஒவ்வொருவரையுந் தனித்தனியே கேட்டு, வெளிநாட்டிலுள்ளாரையும் உசாவுதல் வேண்டும். இக்காரணத்தை நான்கைந்து வாக்கியங்களில் எழுதினால் ஆய்வு முறைப் பகுதி பெரும்பாலும் முடிந்தது.

அவ்வீடுகளை எவ்வாறு தெரிவு செய்வீர் என்பதையும் கூறுக. உறவினர் வீடுகளே எளிதிற் கிடைக்கும். அதனால் வருஞ் சாய்வை நீரே முற்பட எடுத்துரைத்தல் நன்று. பணவிடயம் அயலார் அறியலாகாதது ஆதலின், தகவல் தருவோரின் பெயரை மறைக்கும் வகையையும் ஒரு வரியிற் குறித்திடுக. திட்டம் பின்னர் மாறுமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. அது மாறும் என்பதைப் பேராசிரியர்களும் அறிவர்.

முன்பு செய்த சிறு ஆய்வேதும் உண்டாயின் அதனை இங்கே சேர்த்தல் தகும். இளமாணிப் பட்டத்துக்காக இருபது பேரை நேர்கண்டவர், அந்நேர்காணல்களிற் கேட்க இயலாது போனது யாது என்று எழுதுவாராயின், நூற்பெயர்களை அடுக்குவதினும் அது மிகு பயன் தரும்.

நம்மவர் பெரும்பாலும் எழுதாது விடுவது மொழியறிவு. தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி நேரே உரையாட வல்லவர், அதனைத் தன்விபரப் பட்டியலின் கடைசியில் ஒதுக்கிவிடுகின்றனர். அதற்குரிய இடம் ஆய்வு முறைப் பகுதியே.