உமி கரிக்கும் கூட்டிற்கு ஏற்ற உலோகம்

நாற்றுமேடைக்கு வேண்டிய உமிக்கரியைத் தயாரிக்கத் துளையிட்ட உலோகக் கூட்டினுள் நெருப்பு மூட்டி, அதனைச் சுற்றி உமியைக் குவிப்பர். இக்கூட்டிற்குரிய உலோகத்தைக் கமக்காரர் ஆராய்ந்து தெரிதல் வேண்டும்.

கூரைத் தகரம், வாளி, பழைய நீர்க்குழாய் ஆகியன பெரும்பாலும் நாகம் பூசப்பெற்றவை. நாகம் 419 பாகை செல்சியசில் உருகும். 907 பாகையில் கொதித்து ஆவியாகும். கொழுந்துவிட்டெரியும் விறகு நெருப்பு இவ்வெப்பத்தை அடையக்கூடும். அப்பொழுது எழும் வெண்புகையைச் சுவாசித்தவர்க்குச் சில மணி நேரத்தின் பின்னர் குளிர்நடுக்கம், காய்ச்சல், இருமல், வாயில் உலோகச் சுவை என்பன தோன்றும். இதனைச் சாதாரண காய்ச்சலென எண்ணி மீண்டும் அக்கூட்டையே மூட்டுதல் ஆபத்தாகும்.

அலுமினியம் 660 பாகையில் உருகுமாதலால் உதவாது. பூச்சற்ற கறுப்பிரும்புத் தகடே தக்கது. காந்தங்கொண்டு சோதித்தல் போதாது. நாகம் பூசிய இரும்பிலும் காந்தம் ஒட்டும். தகட்டில் மங்கிய வெண்சாம்பல் நிறமோ, பளிங்குப் பூப்போன்ற கோலமோ காணப்படின் அதனை விலக்குக.

பூச்சிநாசினி இருந்த பீப்பாவையும், பெற்றோல் இருந்த பீப்பாவையும் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. முன்னதன் எச்சம் நஞ்சுப் புகையைத் தரும். பின்னது வெறுமையாயினும் உள்ளே தங்கிய ஆவியால் வெடிக்கக்கூடும்.

கூட்டினைத் திறந்த வெளியில் அமைத்து, காற்று வரும் பக்கத்தே நின்று வேலை செய்க.