டூரிஸ்ட் விசாவில் போய்ப் பாடம் நடத்தலாமா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தென்கொரியாவில், சியோலில் உள்ள தனியார் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். "டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம். போலீஸ் சான்றிதழ், அப்போஸ்டில் என்று அலைய வேண்டாம்" என்கிறார். பாஸ்போர்ட்டையும் கேட்கிறார். வெளிநாட்டு ஆசிரியர்களை அங்கே அரசு கடுமையாகச் சோதிக்கும் என்று தோழி பயமுறுத்துகிறாள். நம்பிப் போகலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: போகாதீர்கள். உங்கள் தோழி சொல்வது உண்மை. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது அந்தச் சோதனையைக் கண்டு அல்ல, அதிலிருந்து தப்ப வழி சொல்பவரைக் கண்டு.

கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்கு இ-2 என்ற விசா இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்குத்தான் அது பொதுவாகக் கிடைக்கும். இந்தியர்களுக்கு ஒரு தனி வாசல் உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேரலாம். கவனியுங்கள், பள்ளிகளில்தான். உங்கள் ஏஜென்ட் சொல்லும் தனியார் மையம் அந்த வாசலுக்குள் வராது. உங்கள் பி.எட். அங்கே உண்மையிலேயே மதிப்புள்ள சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு ஏன் திருட்டுத்தனமாகப் போக வேண்டும்?

கெடுபிடி வந்த கதையையும் சொல்கிறேன். 2007-இல் சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்து தேடப்பட்ட ஒரு கனடா நாட்டவர் தாய்லாந்தில் பிடிபட்டார். அவர் அதற்குச் சற்று முன்புவரை கொரியாவில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அந்த நாடே அதிர்ந்துபோனது. அதே ஆண்டு, யேல் பல்கலைக்கழகப் பட்டம் என்று போலிச் சான்றிதழ் காட்டிப் பேராசிரியரான ஒரு கொரியரின் கதையும் வெளியே வந்தது. ஆண்டு முடிவதற்குள் குற்றப் பின்னணிச் சான்றிதழும் மருத்துவப் பரிசோதனையும் இ-2 விசாவுக்குக் கட்டாயமாகிவிட்டன.

எல்லாச் சோதனையும் நியாயமானது என்று சொல்ல மாட்டேன். எச்.ஐ.வி. பரிசோதனையை வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது அநியாயம். அதை மறுத்து வேலையை இழந்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார். 2015-இல் குழு அவர் பக்கம் நின்றது. 2017-இல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. அவரால் அப்படிப் போராட முடிந்ததற்குக் காரணம், முறையான விசாவில் வேலை பார்த்ததுதான். டூரிஸ்ட் விசாவில் பாடம் நடத்துபவர் சம்பளம் வராவிட்டால்கூட வாய் திறக்கத் தயங்குவார். குடியேற்ற அதிகாரிகள் வகுப்பறைக்கே வந்து அடையாள அட்டையைக் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அபராதம், நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். ஏஜென்ட் திருச்சியிலேயே இருப்பார்.

அலைச்சல் என்று அவர் சொல்வது அப்படி ஒன்றும் பெரிதல்ல. பட்டச் சான்றிதழை மாநில அளவில் சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகத்திடம் அப்போஸ்டில் வாங்க வேண்டும். சான்றிதழின் பின்பக்கம் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். அந்த எண்ணை இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பியுங்கள். கிடைத்ததும் அதற்கும் அப்போஸ்டில் வேண்டும். அது பழையதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள், ஆகவே வேலை உறுதியாகும் நேரத்தில் வாங்குங்கள். பள்ளிகளில் இந்தியர்களுக்கான இடங்கள் குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இருக்கிற வேலையை அதுவரை விட்டுவிடாதீர்கள்.

அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இன்றே தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.